‘டான்டலைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் சாயங்காலம் ஆங்கிலம் படிக்கப் பிள்ளைகள் வருவார்கள். ‘டான்டலைஸ்’ என்ற சொல் வந்தால் நான் அகராதியைத் திறக்க விடுவதில்லை. ‘ஆசை காட்டி ஏங்க வைத்தல்’ என்று எழுதிப்போட்டால், பரீட்சை முடிந்த கையோடு மறந்துபோகும். கதையில் தொடங்குங்கள், அதிலும் தண்டனையில் தொடங்குங்கள்.

பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்லுங்கள். மோவாய் வரை தண்ணீர் நிற்கிறது, தொண்டையோ வறண்டு கிடக்கிறது. “சரி, குனிந்து குடி.” குனிந்த உடனே, “தண்ணீர் வற்றிப்போச்சு, காலடியில் கறுப்பு மண்தான் தெரிகிறது” என்று சொல்லுங்கள். நிமிர்ந்தால் தலைக்கு மேலே மாதுளை, அத்தி, ஆப்பிள், பேரி என்று பழங்கள் தொங்குகின்றன. கையை நீட்டினால் காற்று வந்து கிளையை மேகத்துக்குத் தூக்கிவிடுகிறது. மறுபடி குனி, மறுபடி நீட்டு. பிள்ளைக்கே எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் சொல்லின் பொருள். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தில், 11ஆம் காண்டத்தில், செத்தவர்கள் இருக்கும் கீழுலகில் கதாநாயகன் ஒடிசியஸ் காணும் காட்சி இது.

தண்டனை பெற்றவன் பெயரை அப்புறம் சொல்லுங்கள்: டான்டலஸ். அவன் பெயரிலிருந்துதான் சொல் வந்தது. கிரேக்கத் தேவர்களின் தலைவன் சீயஸின் மகன், இன்றைய துருக்கியில் உள்ள சிபிலஸ் மலைப்பக்கத்து அரசன், தேவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தவன். என்ன குற்றம் செய்தான் என்று ஹோமர் சொல்லவில்லை. தேவர்களின் உணவைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்தான் என்று ஒரு கதை. பெற்ற மகன் பெலாப்ஸையே வெட்டிச் சமைத்துத் தேவர்களுக்குப் பரிமாறினான் என்று இன்னொன்று. சின்னப் பிள்ளைகளுக்குத் திருட்டு போதும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. உதாரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகளிடமே கேளுங்கள். கண்மாய் வறண்டு கிடக்கிறது என்று ஒரு பையன் சொன்னான். அது வெறும் இல்லாமை, இந்தச் சொல் அங்கே பொருந்தாது. மேகம் கறுத்துத் திரண்டு, மண்வாசனை வரைக்கும் வந்து, ஒரு சொட்டும் பெய்யாமல் கலைந்தால் பொருந்தும். கல்யாண வீட்டில் சீப்புச்சீடை, மணகோலம் என்று பலகாரங்களை டின் டின்னாக அடுக்கி அறையைப் பூட்டியிருக்கிறார்கள், வாசனை மட்டும் வளவு முழுக்க வருகிறது என்றாள் ஒரு பெண். அவளுக்குச் சொல் பிடிபட்டுவிட்டது! இங்கிலாந்தில் கண்ணாடி மதுக்குடுவைகளை வெளியே தெரியும்படி வைத்துக் குறுக்குச் சட்டம் போட்டுப் பூட்டும் ஒரு தாங்கிக்கு ‘டான்டலஸ்’ என்றே பெயர் உண்டு. அதை அவளுக்குச் சொன்னேன்.

பெரிய பிள்ளைகள் வேதியியல் படித்தால், டான்டலம் என்ற தனிமத்தையும் காட்டுங்கள். அணு எண் 73. 1802இல் ஸ்வீடன்காரர் எக்கெபெரி அதைக் கண்டுபிடித்தார். அதன் ஆக்சைடு அமிலத்துக்குள்ளேயே கிடந்தும் அமிலத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள் நின்றும் குடிக்க முடியாதவனின் பெயரை வைத்துவிட்டார். செல்போனுக்குள் இருக்கும் மின்தேக்கிகளில் இந்த உலோகம் பயன்படுகிறது.

கடைசியாக வாக்கியம் எழுத வையுங்கள். இன்று இந்தச் சொல் கொடுமையை மட்டும் குறிப்பதில்லை. அடுப்படியில் கோழிக்குழம்பு கொதிக்கும் வாசனைக்கும் ‘டான்டலைசிங்’ என்று எழுதலாம். ஒரு ரன்னில் தோற்ற அணி, வெற்றிக்கு ‘டான்டலைசிங்லி’ அருகே வந்தது என்று எழுதலாம். உச்சரிக்கும்போது அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும்.