பொருட்காட்சிக்குப் போகிற மாதிரி காமிக் கானுக்குக் கிளம்பாதீர்கள்

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதல் சென்னை காமிக் கான், அதாவது காமிக்ஸ், சூப்பர் ஹீரோ ரசிகர்கள் வேடமெல்லாம் போட்டுக் கூடும் விழா, நடந்தது. அதற்கு முன்பெல்லாம் இந்த ஆசை வந்த பிள்ளையைப் பெங்களூருக்குத்தான் கூட்டிப் போக வேண்டியிருந்தது. இப்போது மதுரை, நெல்லை, கோவைக் குடும்பங்களும் இரவு ரயிலேறி வருகின்றன. வரும்போது கூடவே தீவுத்திடல் பொருட்காட்சிப் பழக்கத்தையும் கொண்டு வந்துவிடுகிறார்கள்: உள்ளே போனோமா, எல்லாக் கடையையும் ஒரு சுற்றுச் சுற்றினோமா, கொடுத்த காசுக்குக் கடைசிவரை இருந்தோமா என்பது.

இந்தக் "கொடுத்த காசுக்கு" கணக்குதான் பிழையின் வேர். அரங்கு வழக்கமாகக் காலை 11 மணியிலிருந்து இரவு 8 மணிவரை திறந்திருக்கும். ஒன்பது மணி நேரமும் நிற்கலாம் என்பதற்காகச் சின்னப் பிள்ளையை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அந்த இரைச்சலிலும் நெரிசலிலும் மூன்று, மூன்றரை மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். பத்து வயதுக்கு மேல் ஐந்து மணி நேரம். அதைத் தாண்டினால் பிள்ளை அடம்பிடிக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் அது களைத்துப் போயிருக்கும்.

ஆகவே இரண்டு நாள் சீட்டு எடுத்தாலும் நாளுக்கு அரைநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும்போதே உள்ளே போய், இரண்டு இரண்டரைக்கு வெளியே வந்து, அறையில் தூங்கவிட்டு, மறுநாள் மறுபடி காலையில் போகலாம். நடுவில் வெளியே வந்தால் அதே நாளில் திரும்ப உள்ளே விடுவார்களா என்பது ஆண்டுக்கு ஆண்டு, சீட்டுக்குச் சீட்டு மாறும். கைப்பட்டை கட்டிவிடும்போதே கேட்டுவிட வேண்டும். எந்த வயதுவரை சீட்டு வேண்டாம் என்பதையும் போன வருடம் போனவர் சொன்னதை நம்பி முடிவு செய்யாதீர்கள். சீட்டு விற்கும் பக்கத்தில் அந்த ஆண்டுக்கான விதி இருக்கும்.

எங்கே இறங்குவது

தென்மாவட்டப் பேருந்தில் வருகிறவர்கள் இன்னும் கோயம்பேடு என்றே மனக்கணக்குப் போடுகிறார்கள். 2023 டிசம்பர் கடைசியில் தாம்பரம் தாண்டிக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபின் அந்தக் கணக்கு செல்லாது. கோயம்பேட்டுக்குப் பக்கத்தில் மலிவாக அறை எடுத்துவிட்டு, விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் தூக்கக் கலக்கப் பிள்ளையோடும் அட்டைப் பெட்டியோடும் இறங்கி நிற்பது வேண்டாத வேலை. கத்திப்பாரா, ஆலந்தூர், பரங்கிமலை வட்டாரத்தில் அறை எடுத்தால் இரண்டு நாளும் அலைச்சல் மிச்சம்.

ரயிலில் வந்தால் எழும்பூர்வரை போக வேண்டியதில்லை. தெற்கிலிருந்து வரும் பெரும்பாலான ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கி மின்சார ரயில் பிடித்தால் இருபது நிமிடம் சொச்சத்தில் பரங்கிமலை. கோவைப் பக்கமிருந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் ஏறினால் மாறாமல் ஆலந்தூர் வந்துவிடலாம். ஆலந்தூரிலிருந்து வர்த்தக மையம் மூன்று கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அந்த மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோவின் அடுத்த கட்ட வேலையால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். வரைபடம் பத்து நிமிடம் என்று காட்டினால் இருபத்தைந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் இல்லை. இன்னொன்று: ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைக்குப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். போகும்போது பாதி எடுத்து ஒரே படுக்கையில் இருவர் நெருக்கிப் படுத்தால் மறுநாள் பதினோரு மணிக்கே பிள்ளை சுணங்கிவிடும். மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டால் திரும்பும் பயணத்தில் பிடியுங்கள்.

உடுப்பு: படத்தில் அழகு, கழிவறையில் அவஸ்தை

காஸ்பிளே, அதாவது கதாபாத்திரம் போல வேடம் போடும் உடுப்பில் பெற்றோர் செய்யும் முதல் தவறு, பிள்ளையை நிற்க வைத்து மட்டும் அளவு பார்ப்பது. நிற்கும்போது எல்லா உடுப்பும் பொருந்தும். உட்கார்ந்தால் மார்புக் கவசம் கழுத்தில் இடிக்கும், படியேறினால் முழங்கால் தகடு தொடையில் அறுக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது வீட்டிலேயே இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு, சாப்பிடச் சொல்லி, மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, கழிவறைக்கும் போய்வரச் சொல்லுங்கள்.

கழிவறைதான் பெரிய பரீட்சை. உடம்போடு ஒட்டிய முழு உடுப்புகளில் ஜிப் முதுகில் இருக்கும். பிள்ளையால் தானாகக் கழற்ற முடியாது. அவசரத்தில் கழிவறை வரிசையில் நிற்கும்போதுதான் இது தெரியவரும். தையற்காரரிடம் கொடுத்து இடுப்பில் குறுக்காக வெட்டி, வெல்க்ரோ வைத்து இரண்டு துண்டாக்கச் சொல்லுங்கள். மேலே ஒரு பெல்ட் போட்டால் வெட்டு தெரியாது. உள்ளே பருத்தி அரைக்கால் சட்டையும் பனியனும் கட்டாயம். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, சிவந்து அரிக்கும். பிப்ரவரி என்றாலும் சென்னைப் பகல் முப்பது டிகிரியைத் தொடும், நுழைவு வரிசை வெயிலில் இருக்கலாம்.

கவசம் வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு: பிள்ளைகளுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் இ.வி.ஏ. ஃபோம் (ரப்பர் போன்ற மெத்தென்ற தகடு) போதும். "உறுதியாக இருக்கட்டும்" என்று 10 மில்லிமீட்டர் வாங்கினால் வளையாது, அக்குளில் குத்தும். மரவேலைக்குப் போடும் வெள்ளை ஃபெவிகால் ஃபோமின் விளிம்புகளைப் பிடிக்காது. செருப்புத் தைக்கிற கடையில் பூசும் ரப்பர் பசைதான் சரி. ஒட்டும் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் போல் காயவிட்டு, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் அரங்குக்குள் போய்ப் பிரியும். அந்தப் பசையின் நெடி தலையைக் கிறுகிறுக்க வைக்கும். மொட்டை மாடியில் ஒட்டுங்கள், பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னில் ஒட்டினால் சீக்கிரம் வேலை முடியும், உண்மைதான். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தப் பசை இளகி, தோள்தகடு தனியே கழன்று வரும். அதே மாதிரி ஃபோமின் மேல் நேரடியாக வண்ணம் பூசுவதும் தப்பு. ஃபோம் வண்ணத்தைக் குடித்துவிடும், வளைகிற இடத்தில் வெடிக்கும். முதலில் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் மேற்பரப்பைச் சூடு காட்டினால் லேசாகப் பளபளக்கும். அதன்மேல் ஃபெவிகாலும் தண்ணீரும் சம பங்கு கலந்து மூன்று தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் நன்றாகக் காயவிட்டு, பிறகு அக்ரிலிக் வண்ணம். வெள்ளை ஃபெவிகாலுக்கு வேலை இங்கேதான்.

அக்ரிலிக்கைக் கவசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தில் பூசப் பள்ளிக்கூடப் போஸ்டர் கலரும் கூடாது. முகத்துக்கென்றே விற்கும் நீர்வண்ணத்தையும் முந்தின நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டு போகலாம். காலுக்கு, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூவின் மேல் துணி உறை தைத்து மாட்டுங்கள். புது பூட்ஸ் வாங்கினால் மதியத்துக்குள் கொப்புளம் நிச்சயம்.

ஆயுதம் இல்லாமல் பிள்ளை வராது. உலோகத்தில், கூர்முனையோடு எதுவும் வேண்டாம். வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், பிள்ளை அங்கேயே அழத் தொடங்கும். விமானத்தில் வருகிறவர்கள் பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில் மட்டும்தான், அதுவும் 100 வாட்–அவருக்குள் (மின்சாரம் சேமிக்கும் அளவு). 20,000 எம்.ஏ.ஹெச். என்பது 74 வாட்–அவர்தான், பயமில்லை. கடைசி நேரத் திருத்தத்துக்கென்று ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவை ரயிலிலும் விமானத்திலும் கொண்டு வராதீர்கள், தீப்பற்றும் பொருள். அதற்குப் பதில் ஒரு சின்ன டப்பாவில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், ஊக்கு, ஊசி நூல், கறுப்பு மின்சார டேப் போதும்.

உள்ளே போனதும்

தொலைந்தால் ஃபோன் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கூட்டம் ஏற ஏற ஃபோன் சிக்னல் படுத்துவிடும். யுபிஐயும் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் கையில் வையுங்கள். நுழைந்தவுடன் சுவரோரம் உள்ள, நகராத ஒரு இடத்தைப் பிள்ளைக்குக் காட்டிப் பழக்குங்கள். கடைகளின் பேனரை அடையாளம் சொல்லாதீர்கள், பிள்ளையின் கண் மட்டத்தில் அது தெரியாது. உங்கள் எண்ணைப் பிள்ளையின் முன்கையில் உள்பக்கம் பேனாவால் எழுதிவிடுங்கள். முதுகில் பெயரெழுதி ஒட்டுவது வேண்டாம், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட வழியாகிவிடும்.

அறையிலிருந்து கிளம்பும் முன் பிள்ளையின் முழு உருவப் படம் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அது மட்டும் போதாது. ஒரே நாயகனின் சிவப்பு நீல உடுப்பில் முகம் மறைத்த இருபது பிள்ளைகள் உள்ளே திரிவார்கள். ஷூவின் நிறம்தான் அடையாளம். அதைத் தனியாக ஒரு படம் எடுங்கள். முகமூடியைப் படியிலும் நகரும் கூட்டத்திலும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளப் பழக்குங்கள், பக்கவாட்டில் எதுவும் தெரியாது.

மேடைக்கு முன்னால் இடம் கிடைத்ததே என்று ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்று சொல்லும் இடத்தில் பிள்ளைகளுக்கு 75 என்றே சொல்கிறது. ஒலி ஏற ஏறப் பாதுகாப்பான நேரம் மளமளவென்று குறையும். காதை முழுதும் மூடும் பாதுகாப்புக் கவசம் ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். சின்னப் பிள்ளைக்குக் காதில் செருகும் பஞ்சு வேண்டாம், பிடுங்கி எறிந்துவிடும்.

வேடம் போட்டவரைக் கண்டதும் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும், நாமும் ரசிப்போம். அவர் இரண்டு மாதம் உழைத்து ஒட்டிய இறக்கை அந்த ஒரு தழுவலில் ஒடியும். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே பக்கத்தில் போய் நிற்கச் சொல்லிக்கொடுங்கள். நடைபாதையின் நடுவே நிற்காமல் ஓரமாக. உங்கள் பிள்ளையைப் படமெடுக்க வருகிறவர்களும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் "பரவாயில்லை, நில்லு கண்ணு" என்று நீங்கள் தள்ளிவிடாதீர்கள்.

ஓவியர்களின் மேசையில் பேரம் பேசுவது இன்னொரு பொருட்காட்சிப் பழக்கம். அங்கே உட்கார்ந்திருப்பவர்தான் வரைந்தவர், அச்சடித்ததும் அவர் செலவு. வாங்காமல் படத்தை மட்டும் ஃபோனில் எடுத்துக்கொண்டு போவது அதைவிட மோசம். குறைந்த பிரதிகளே உள்ளவற்றை முதலில் வாங்குங்கள். டீ ஷர்ட், பொம்மை போன்றவற்றைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், நாள் முழுதும் சுமக்க வேண்டாம். ஏ3 படம் 42 செ.மீ. நீளம், 29.7 அகலம். 29.7 பக்கத்தைச் சுருட்டி உள்ளே விட 45 செ.மீ. குழாய் போதும். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே தருவார்கள், வெட்டிக்கொள்ளலாம்.

வரிசையில் கிடைக்கும் சிநேகம்

இந்தக் கூட்டங்களில் பிள்ளைக்கு இணையாகப் பெற்றோருக்கும் நண்பர்கள் கிடைப்பார்கள். சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972லும் லயன் காமிக்ஸ் 1984லும் தொடங்கியவை. அவற்றைப் படித்து வளர்ந்த அப்பாக்கள் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் கூடுவது பழைய வழக்கம். அங்கே பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பழைய இதழ்களைப் பற்றிப் பேசுவது, நம் ஆசையைப் பிள்ளையின் ஆசை என்று கணக்கெழுதும் தவறு. பேசுங்கள், ஒரு மணி நேரம். பிள்ளையோடு வந்த இன்னொருவர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளட்டும்.

வரிசையில் நின்ற பழக்கத்தில் வாட்ஸ்அப் குழு தொடங்கி, எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் போட்டுவிடுவார்கள். உங்கள் பிள்ளையின் படத்தை நீங்கள் போடுங்கள். பக்கத்துப் பிள்ளையுடையதை அதன் அம்மாவிடம் கேட்டுவிட்டு. தங்கும் விடுதி, பள்ளியின் பெயர் தெரியும் படம் பொதுவில் வேண்டாம், அரங்கிலிருக்கும்போதே நேரலையாகவும் வேண்டாம். விளையாட்டுச் செயலியில் பழகிய நண்பனை அங்கே சந்திக்கப் போவதாகப் பதின்வயதுப் பிள்ளை சொன்னால், தடுத்தால் மறைத்துச் செய்யும். உணவுக் கடைகள் பக்கம், பகலில், நீங்கள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்க, அந்தப் பிள்ளையின் பெற்றோரும் வரட்டும் என்று சொல்லுங்கள். வரமாட்டார்கள் என்றால் சந்திப்பும் இல்லை.

திரும்பும்போது

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே வாசலில் வெளியே வருவார்கள், ஆட்டோ கேட்கும் விலையும் அப்போது வேறு. இரவு ரயில் இருந்தால் ஐந்து மணிக்கே கிளம்புங்கள். உடுப்பை அரங்கிலேயே மாற்றிச் சாதாரணச் சட்டை போட்டுவிடுங்கள், மெட்ரோ சோதனையில் கவசத்தைக் கழற்றி மாட்ட வேண்டியிராது.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பைப் பையோடு பரணில் தூக்கிப் போடுவதுதான் கடைசித் தவறு. வியர்வை ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். விக்கைப் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசி, பிழியாமல் துண்டில் ஒற்றி நிழலில் காய வையுங்கள். கவசத்தின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, வளைவு கெடாமல் உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, மேலே எதையும் ஏற்றாமல் எடுத்து வைத்தால் அடுத்த பிப்ரவரிக்குத் தோள்பட்டையை மட்டும் இரண்டங்குலம் நீட்டினால் போதும்.