இந்திய மகளிர் லீகை ஒரு நோட்டில் பின்தொடர்வது எப்படி?

ஆண்கள் கால்பந்து லீகில் ஓர் ஆட்டம் முடிந்தால் பத்து அலசல் வரும். இந்திய மகளிர் லீகுக்குப் பெரும்பாலும் ஸ்கோர் மட்டும்தான் கண்ணில் படும். பரவாயில்லை, அந்த ஸ்கோரை வைத்தே ஒரு சீசனை முழுசாக ரசிக்கலாம். கோடு போட்ட நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: போட்டியின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

2017-ல் லீக் தொடங்கியபோது அது பேருக்குத்தான் லீக். ஒரே ஊரில் சில வாரம் தங்கி ஆடுவார்கள், அரையிறுதி, இறுதி என்று முடித்துவிடுவார்கள். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் சாம்பியன் ஆனதும் அப்படித்தான்: லூதியானாவில் நடந்த இறுதியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. 2023-24 சீசனில்தான் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாறி மாறி ஆடும் முறை வந்தது. இந்த முறையில் இறுதிப்போட்டி கிடையாது. கடைசியில் புள்ளிப் பட்டியலில் மேலே இருப்பவர்களுக்கே கோப்பை.

படி 2: மொத்த ஆட்டங்களைக் கணக்கிடுங்கள்

2024-25-ல் 8 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 7 அணிகளுடன் இரண்டு முறை மோதினால் 14 ஆட்டம்; லீகில் மொத்தம் 56. நோட்டில் 56 வரி ஒதுக்கி, தேதி, அணிகள், ஸ்கோர் என்று எழுதி வாருங்கள்.

படி 3: பட்டியல் போடுங்கள்

ஆடியது, வெற்றி, டிரா, தோல்வி, போட்ட கோல், வாங்கிய கோல், புள்ளி. ஏழு கட்டம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு எதுவும் இல்லை. இரண்டு அணிகள் சமப்புள்ளியில் நின்றால் யார் மேலே என்பதை அந்த சீசனின் விதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சில லீகில் கோல் வித்தியாசம் முதலில் வரும், சிலவற்றில் அவர்கள் தங்களுக்குள் மோதிய ஆட்டங்களின் முடிவு முதலில் வரும்.

படி 4: எட்டாவது கட்டம்

என்னைக் கேட்டால் நோட்டு போடுவதே இதற்காகத்தான். 'இழந்த புள்ளி' என்று இன்னொரு கட்டம் சேருங்கள். டிராவுக்கு 2, தோல்விக்கு 3 என்று எழுதுங்கள்.

ஏன்? 'க' அணி 5 ஆட்டத்தில் 3 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி: 10 புள்ளி. 'ச' அணி 4 ஆட்டத்தில் 3 வெற்றி, 1 தோல்வி: 9 புள்ளி. பட்டியலில் 'க' முதலிடம். ஆனால் 'க' இழந்தது 5, 'ச' இழந்தது 3 மட்டுமே. மீதமுள்ள ஆட்டங்களை எல்லாம் இரண்டு அணிகளும் ஜெயித்தால் 'ச'தான் மேலே போகும். 2023-24-ல் 7 அணிகள்தான். ஒற்றைப்படை என்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட முடியாது, யாராவது ஓர் அணி சும்மா இருந்தே ஆக வேண்டும். அந்த மாதிரி சீசனில் புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த முறை கோப்பை ஒடிசா எஃப்சிக்குப் போனது, அடுத்த சீசனில் ஈஸ்ட் பெங்காலுக்கு.

படி 5: கோல் போட்டவர்களுக்குத் தனிப் பக்கம்

பெயர், அணி, எத்தனை கோல். அவ்வளவுதான். 2024-25-ல் இந்தப் பக்கத்தை வைத்திருந்தால் கோகுலம் கேரளாவின் உகாண்டா வீராங்கனை ஃபாசிலா இக்வாபுட் பெயருக்கு நேரே கோடு போட்டே கை வலித்திருக்கும்.

படி 6: மோதல்களை வட்டமிடுங்கள்

மேலே இருக்கும் அணிகள் தங்களுக்குள் எப்போது ஆடுகின்றன என்று அட்டவணையில் வட்டம் போட்டு வையுங்கள். 2021-22-ல் புவனேஸ்வரில் எல்லா அணிகளும் ஒருமுறை மோதின. கோகுலம், சேது இரண்டும் ஆடிய பத்தையும் ஜெயித்து, தலா 30 புள்ளியுடன் கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர் நின்றன. இறுதிப்போட்டி என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ஆனால் அதுதான் இறுதி. சேது முதல் கோலைப் போட்டும் 3-1 என்று கோகுலம் வென்றது.

இப்படி வென்றவர்கள் ஆசியக் கிளப் போட்டிக்காக 2022 ஆகஸ்டில் தாஷ்கண்ட் போய் இறங்கியும் ஆட முடியவில்லை. இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்திருந்தது. இந்த மாதிரி விஷயம் எந்தக் கட்டத்திலும் அடங்காது, அதனால் நோட்டில் ஓரம் கொஞ்சம் அகலமாக விட்டு வையுங்கள்.