டக்ட் ஏர்கோன்: ஓர் அறை நடுங்குது, இன்னோர் அறை வேகுது என்றால்

மாடி முழுவதற்கும் ஒரே டக்ட் ஏர்கோன் (ஒரே யூனிட்டிலிருந்து குழாய் வழியாக எல்லா அறைக்கும் குளிர்காற்று விடும் வகை) போட்ட வீடுகளில் இந்தத் தகராறு சகஜம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் அம்மா போர்வைக்குள் சுருண்டு கிடப்பார். மேற்குப் பக்க அறையில் தம்பி காத்தாடியையும் முழு வேகத்தில் விட்டுக்கொண்டு புரளுவான். ஏர்கோன்காரரைக் கூப்பிட்டால் "கேஸ் குறைஞ்சிருக்கும்" என்பார். கேஸ் குறைந்தால் எல்லா அறையிலும் குளிர் குறைய வேண்டும். ஓர் அறை மட்டும் நன்றாகக் குளிர்கிறது என்றால் பெரும்பாலும் காற்றுப் பங்கீட்டில்தான் கோளாறு. அதை நாமே சரிசெய்யலாம்.

ஃபில்டர் கழுவியாயிற்று, வெளி யூனிட் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

கருவிகள்

காற்று வேகத்தை அளக்கும், சின்னக் காற்றாடி வைத்த அனிமோமீட்டர் ஒன்று, அறைக்கு ஒரு டிஜிட்டல் வெப்பமானி, மார்க்கர் பேனா, ஊதுபத்தி. ஜாலான் பாசார் கடைகளில் தேடலாம், ஷோப்பியிலும் வாங்கலாம். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி இந்த வேலைக்கு வேண்டாம். அது சுவரின் சூட்டைத்தான் காட்டும், காற்றின் சூட்டைக் காட்டாது.

1. எந்த அறைக்கு எவ்வளவு காற்று?

இங்கே பலரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு, சதுர அடிக்கு 60 முதல் 65 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு). 120 சதுர அடி அறை என்றால் சுமார் 7,800 பிடியு. 12,000 பிடியுவுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது பொதுவான வழக்கம். நம்மூர் ஈரப்பதத்துக்கு 350 போதும், காற்று மெதுவாகப் போனால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். அந்தக் கணக்கில் இந்த அறைக்கு ஏறக்குறைய 230 கன அடி வேண்டும். மேற்கு வெயில் விழும் அறைக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். பகலில் செங்கல் சுவர் விழுங்கிய சூட்டை ராத்திரியில் அறைக்குள்தான் கக்கும்.

2. டேம்பரைக் கண்டுபிடியுங்கள்

டேம்பர் என்பது டக்டுக்குள் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு. கூரைக்குள் இருக்கும் பெரிய பெட்டியிலிருந்து ஒவ்வொரு டக்டும் பிரியும் இடத்தில் அதன் கைப்பிடி இருக்கும். அது டக்டோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. இப்போது இருக்கும் நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு எல்லாவற்றையும் முழுதாகத் திறங்கள். கூரைக்குள் ஏறுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், மதியத்தில் அங்கே ஆள் நிற்க முடியாது. ஏறியதும் வளையும் டக்ட் எங்காவது மடங்கியோ நசுங்கியோ கிடக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் தம்பி அறைக்குப் போகும் டக்ட் உத்தரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. அதை வெளியே எடுத்து நேராக்கியதுமே பாதி வித்தியாசம் தெரிந்தது.

3. கதவைச் சாத்துங்கள்

ஆட்டம் காட்டுகிற இடம் இதுதான். கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்தால் எல்லாம் அழகாக ஒத்துவரும். ராத்திரி எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததும் கணக்கு தலைகீழாகும்.

காரணம் இதுதான்: அறைக்குள் போகும் காற்று திரும்பவும் ஏர்கோனுக்கு வந்தாக வேண்டும். காற்றைத் திரும்ப இழுக்கும் கிரில் (தகடுகள் வைத்த திறப்பு) பல வீடுகளில் ஹாலில் மட்டும்தான் இருக்கிறது. கதவைச் சாத்தினால் அறை காலி பாட்டில் மாதிரி. வாயை வைத்து ஊதினால் கொஞ்சம் போகும், அப்புறம் போகாது. 80 செ.மீ. அகலக் கதவுக்கு அடியில் 1 செ.மீ. சந்து இருந்தால் அது 80 சதுர செ.மீ. திறப்பு. 230 கன அடி காற்று தடையில்லாமல் வெளியேற ஏறக்குறைய 800 சதுர செ.மீ. வேண்டும். பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது!

சோதனை எளிது. அறைக்கு வெளியே நின்று, சாத்திய கதவின் அடிச்சந்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை வேகமாகத் தள்ளப்பட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. கதவின் அடியை அறுப்பது போதாது. கதவுக்கு மேலே சுவரில் காற்று போக ஒரு கிரில் வையுங்கள். கதவிலேயே கிரில் போடுவது மலிவு, ஆனால் பேச்சுச் சத்தம் அப்படியே வெளியே கேட்கும். கூட்டுக் குடும்பத்துக்கு அது சரிப்படாது. கிரில்லின் தகடுகளே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் 40 × 40 செ.மீ. அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

4. அளந்து குறைப்பது

கதவுகளைச் சாத்தி, விசிறி வேகத்தை ஒரே நிலையில் வைத்து, குளிர்காற்று வரும் ஒவ்வொரு கிரில்லிலும் பல புள்ளிகளில் காற்று வேகத்தை அளந்து சராசரி எடுங்கள். அதைக் கிரில்லின் பரப்பால் பெருக்கி, வேண்டிய அளவால் வகுங்கள். அம்மா அறை 1.3, ஹால் 1.1, தம்பி அறை 0.7 என்று வந்தால், 0.7 அறையின் டேம்பரைத் தொடாதீர்கள். அது முழுதாகத் திறந்தே இருக்கட்டும். 1.3 அறையைக் கொஞ்சம் மூடுங்கள், அங்கே மிஞ்சும் காற்று மற்ற அறைகளுக்குப் போகும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறும், அதனால் ஒவ்வொரு முறையும் மறுபடி எல்லாவற்றையும் அளக்க வேண்டும். விகிதங்கள் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் வந்தால் நிறுத்திவிடலாம்.

உண்மையான கன அடி சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கிரில்கள் ஒரே வகை என்றால் விகிதம் பொய் சொல்லாது.

எல்லா டேம்பரையும் நெருக்காதீர்கள். மொத்தக் காற்று குறைந்தால், காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டும்.

5. ராத்திரி பாருங்கள்

ஏர்கோனை 24 டிகிரியில் வைத்து, வெப்பமானியைக் கட்டில் உயரத்தில், கிரில்லுக்கு நேர் கீழே வராமல் வையுங்கள். ஹாலில் இருக்கும் கண்ட்ரோலர் ஹாலின் சூட்டைப் பார்த்து இயந்திரத்தைத் தணித்துவிட்டால் அறைகள் வெந்துகொண்டே இருக்கும். அப்படியானால் ஹாலின் டேம்பரை இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

பின்சேர்க்கை: காண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) கூரைக்குள் ஏற வழியில்லையே என்று சிலர் கேட்டார்கள். யூனிட்டுக்குக் கீழே பிளாஸ்டர் சிலிங்கில் சர்விஸ் மூடி இருக்கும், அங்கிருந்து கை எட்டுகிறதா பாருங்கள். எட்டாவிட்டால் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைத் திருகலாம், ஆனால் விசில் சத்தம் வரும்.

டேம்பரைக் குறைத்த பிறகு கிரில் வியர்த்து, சிலிங்கில் கறுப்புப் புள்ளி விழுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். டேம்பரைச் சற்றே திறந்து பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் கிரில்லைச் சுற்றிச் சிலிங் வெட்டிய சந்தைச் சிலிக்கோன் வைத்து அடையுங்கள். கூரைக்குள்ளிருந்து கசியும் ஈரக்காற்றுதான் குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிறது.