கடலோர அரண்மனை விடுதியில் தங்குவது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

அரண்மனையாக இருந்து விடுதியாக மாறிய கட்டடத்தில் தங்குவதும் வழக்கமான ஐந்து நட்சத்திர விடுதியில் தங்குவதும் ஒன்றல்ல. புதிதாகக் கட்டிய விடுதியில் ஒரே கட்டணத்துக்குக் கிடைக்கும் அறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பழைய அரண்மனையிலோ, அடுத்தடுத்த இரண்டு அறைகளில் ஒன்று கடலைப் பார்த்த உயரமான சாளரங்களோடு விசாலமாகவும், மற்றொன்று அந்தக் காலத்தில் பணியாளர்கள் புழங்கிய பகுதியில் நெருக்கமாகவும் இருக்கக்கூடும். நாம் கொடுக்கும் பெருந்தொகை அந்தப் பழைய கட்டடத்துக்காகத்தான் என்பதால், அதற்குரிய பலன் முழுமையாகக் கிடைக்கும்படி திட்டமிடுவதற்கான வழிமுறைகளை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

படி 1: கட்டடத்தின் வரலாற்றைப் படியுங்கள்

எந்தப் பகுதி உண்மையிலேயே பழையது, எது பின்னாளில் கட்டப்பட்டது என்பதை முன்பதிவுக்கு முன்பே அறிந்துகொள்ள வேண்டும். இஸ்தான்புல்லில் பாஸ்பரஸ் நீரிணையின் கரையில் சுல்தான் அப்துல் அஜீஸ் காலத்தில் 1860-களில் எழுப்பப்பட்ட சிராகான் அரண்மனை, 1910-இல் நேர்ந்த தீ விபத்தில் எரிந்து வெளிச்சுவர்கள் மட்டும் எஞ்சிய நிலையில் பல பத்தாண்டுகள் கிடந்தது. இன்று உள்ளே நாம் காணும் அலங்காரம் பெரும்பாலும் 1990-களின் தொடக்கத்தில் விடுதியாகத் திறக்கப்படுவதற்காகச் செய்த மறுசீரமைப்பின் விளைவு. பிரான்சின் பியாரிட்ஸ் நகரில் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தன் மனைவி யூஜெனிக்காக 1850-களில் அட்லாண்டிக் கடற்கரையிலேயே கட்டிய மாளிகையின் கதையும் இதற்கு நெருக்கமானது; விடுதியாக மாறிய பிறகு 1903-இல் அது தீக்கு இரையாகி, 1905-இல் மீண்டும் எழுந்தது. இதனால் இவற்றின் பெருமை குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. ஆனால் இந்த விவரம் தெரியாமல் போகிறவர் ராணி தொட்ட கைப்பிடிச் சுவரைத் தேடி ஏமாறுவார்; தெரிந்து போகிறவரோ எரிந்ததை மீட்டெடுத்த கைவினைஞர்களின் உழைப்பை நிதானமாகப் பார்த்து மகிழ்வார்.

படி 2: எந்தக் கட்டடத்தில் அறை என்று கேளுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுவே தலையாயது. விளம்பரப் படத்தில் அரண்மனை இருக்கும். நமக்குக் கிடைக்கும் அறையோ பக்கத்தில் பின்னாளில் எழுப்பிய கட்டடத்தில் இருக்கும். சிராகானில் பழைய அரண்மனைக்குள் இருப்பவை 11 சூட்கள் (தனி வரவேற்பறையோடு கூடிய பெரிய தங்குமிடங்கள்) மட்டுமே. ஏறத்தாழ 300 அறைகள் அதை ஒட்டிய புதுக் கட்டடத்தில் உள்ளன. பெரும்பாலான விருந்தினர் அரண்மனையைப் பார்த்தபடி தங்குகிறார்களே தவிர, அதற்குள் தங்குவதில்லை. இதில் தவறொன்றும் இல்லை. தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே முன்பதிவுத் தளத்தில் பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் கேட்க வேண்டியவை இவை: “இந்த வகை அறைகள் பழைய மாளிகையில் உள்ளனவா, புதுக் கட்டடத்தில் உள்ளனவா? கட்டிலில் அமர்ந்தபடியே கடல் தெரியுமா, பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தால்தான் தெரியுமா? அந்தத் தளத்துக்கு லிஃப்ட் வருமா, இடையில் படிக்கட்டு உண்டா? நாங்கள் தங்கும் நாட்களில் மண்டபத்தில் திருமணமோ வேறு விழாவோ நடக்கிறதா?” கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அரண்மனை மண்டபங்களைத் திருமண விருந்துகளுக்கு வாடகைக்கு விடுவது பரவலான வழக்கம் என்பதால், மேல்தளத்து அறைக்கு நள்ளிரவு வரை இசை கேட்கலாம்.

செலவு கட்டுப்படியாகாவிட்டால், புதுக் கட்டடத்தில் மூன்று இரவு தங்குவதைக் காட்டிலும் பழைய மாளிகையில் ஓரிரவு தங்கிவிட்டு மற்ற நாட்களுக்கு எளிய விடுதியைத் தேடிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

படி 3: கட்டணத்தைப் பிரித்துப் பாருங்கள்

திரையில் தெரியும் தொகையில் வரி, காலை உணவு ஆகியவை அடங்கியுள்ளனவா என்று பாருங்கள். பிரான்சில் தங்கல் வரி என்று ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு எனத் தனியாக வாங்குவார்கள். உணவகத்தில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும். வந்து சேர்ந்ததும் பிணைத்தொகையாகக் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் அறையைக் காலி செய்த பின்னும் சில நாட்கள் முடங்கிக் கிடக்கக்கூடும். கிரெடிட் கார்டே பாதுகாப்பானது.

படி 4: அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள்

முதலில் சாளரத்தைத் திறந்து மூடிப் பாருங்கள். உப்புக் காற்று உலோகத்தை விரைவில் அரிப்பதால் கடலைப் பார்த்த சாளரங்களின் தாழ்ப்பாள்களும் கீல்களும் இறுகிப்போவதுண்டு. சாளரம் சரியாகப் பொருந்தாவிட்டால் இரவுக் காற்றில் அது தடதடவென்று அடித்து உறக்கத்தைக் கெடுக்கும். அடுத்து, அலமாரியைத் திறந்து ஈரவாடை வருகிறதா என்று கவனியுங்கள்; தடித்த பழஞ்சுவர்களில் ஈரம் எளிதில் உலராது. குளியலறையில் வெந்நீர் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். குறை இருந்தால் உடனே வரவேற்பு மேசைக்குச் சென்று, வேறு அறையைப் பார்க்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். அறைகள் ஒன்றுபோல் இல்லாத இடத்தில் இப்படிக் கேட்பது யாரையும் புண்படுத்தாது. பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட்ட பிறகு கேட்பதுதான் இருவருக்கும் சங்கடம்.

படி 5: கட்டடத்தைப் பாருங்கள், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும்

விருந்தினருக்கு மாளிகையைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு உண்டா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டாலும், காலை உணவுக்கூடம் திறப்பதற்கு முன் ஒருமுறை பொது மண்டபங்களில் நடந்து பாருங்கள். ஆளரவமற்ற அந்த நேரத்தில்தான் மாடிப்படியின் வளைவையும் கூரை வேலைப்பாட்டையும் தடையின்றிக் காண முடியும்.

உள்ளே இருப்பவருக்கு முகப்பு தெரியாது என்பதால் ஒருமுறையாவது வெளியே போய்ப் பாருங்கள். சிராகானைப் பார்ப்பதற்குப் பாஸ்பரஸில் ஓடும் படகு ஒன்றில் ஏறுவதே சிறந்த வழி, ஏனெனில் அதன் நீண்ட முகப்பு தண்ணீரைப் பார்த்தே அமைந்திருக்கிறது. பியாரிட்ஸில் 1834-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் 248 படிகளை ஏறினால், வளைந்து செல்லும் கரையையும் அதன் ஓரத்தில் நிற்கும் மாளிகையையும் ஒருசேரக் காணலாம்.

படி 6: கடலில் இறங்கும் முன் விசாரியுங்கள்

மாளிகை அமைதியாக இருப்பதால் அதன் கடலும் அமைதியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பியாரிட்ஸ் அலைச்சறுக்குக்குப் பெயர் பெற்ற ஊர். அலைகளின் வேகம் நல்ல நீச்சல்காரரையும் புரட்டிவிடும். உயிர்காப்பாளர்கள் கொடி நட்டுக் காட்டும் எல்லைக்குள் மட்டுமே குளிக்க வேண்டும், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. பாஸ்பரஸில் நீரோட்டம் வலுவானது, கப்பல் போக்குவரத்தும் ஓய்வதில்லை. அங்கே விடுதியின் நீச்சல் குளமே போதுமானது.

படி 7: புறப்படுவதற்கு முந்தைய இரவே கணக்கைக் கேளுங்கள்

காலையில் வரவேற்பு மேசையில் கூட்டம் இருக்கும். முந்தைய இரவே பற்றுச்சீட்டின் நகலை வாங்கி, அறையிலுள்ள சிறு குளிர்பெட்டியிலிருந்து எடுக்காத பொருள் எதுவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று வரிக்கு வரி பார்த்துவிட்டால், கடைசி நாள் காலைப்பொழுதைக் கடலோரத்திலேயே கழிக்கலாம்.