தோள்பட்டை வலிக்கு கோட் போடுறது எப்படி? மெடிக்கல் கோடிங் புதுசா படிக்கிறவங்களுக்கு

சென்னை, கோயம்புத்தூர், திருச்சின்னு மெடிக்கல் கோடிங் (டாக்டர் எழுதுன நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸ் கிளைமுக்கு கோடா மாத்துறது) வேலைக்கு வர்றவங்க நிறைய பேர் பார்மசி, நர்சிங், பயோடெக்னு ஏதோ ஒண்ணு முடிச்சிட்டு வர்றாங்க. பாக்கப்போற சார்ட், அதாவது டாக்டரோட மருத்துவ பதிவு, பெரும்பாலும் அமெரிக்கா பேஷண்டோடது, அதனால இங்க நோய்க்கும் அறிகுறிக்கும் நான் சொல்றது எல்லாம் ஐசிடி-10-சிஎம் கோட், அங்க 2015 அக்டோபர் 1ல இருந்து இதுதான் நடைமுறை.

ஷோல்டர் பெயின்னு பாத்த உடனே எம்25.511 போட்டுட்டு அடுத்த சார்ட்டுக்கு ஓடுறதுதான் புதுசா வர்றவங்ககிட்ட நான் அதிகமா பாக்குறது. அப்படி ஒரு கோட் இருக்கத்தான் செய்யுது, வலது தோள் மூட்டு வலின்னு அர்த்தம், ஆனா அது வெறும் அறிகுறி. டாக்டர் கீழ காரணத்தையே உறுதியா எழுதியிருக்கும்போது நாம வலிய மட்டும் போட்டா, அந்த பேஷண்டுக்கு எதுக்கு ஆபரேஷன் பண்ணாங்கன்னு இன்சூரன்ஸ்காரனுக்கு புரியாது, கிளைம் திரும்பி வந்துடும்.

ஸ்டெப் 1: வலி எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சுக்கோங்க

தோள் மூட்டுல பந்து பெருசு, அது உக்கார்ற குழி ரொம்ப ஆழம் கம்மி. அதனாலதான் கை எல்லா பக்கமும் சுத்துது, அதனாலயே சீக்கிரம் கெட்டும் போகுது. அந்த பந்தை இழுத்து பிடிச்சு வைக்கிறது நாலு தசை: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரிஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். இந்த நாலும் சேர்ந்ததுதான் ரொட்டேட்டர் கஃப். நம்ம ஊர்ல சவ்வு கிழிஞ்சிருச்சுன்னு சொல்றாங்களே, தோள்ல அது பெரும்பாலும் இந்த கஃப்போட தசைநார்தான்.

ஃப்ரோசன் ஷோல்டர் வேற கதை. மூட்டை சுத்தி இருக்கிற உறை இறுகிப்போயிடும், 40ல இருந்து 60 வயசுக்குள்ள அதிகம், சுகர் இருக்கிறவங்களுக்கும் தைராய்டு பிரச்சனை இருக்கிறவங்களுக்கும் இன்னும் அதிகம். இது ரெண்டையும் டாக்டர் பரிசோதிச்சு எழுதுன எக்ஸாம் பகுதியை வச்சே பிரிச்சு பாக்கலாம்: கஃப் கிழிஞ்சவங்களால தானா கைய தூக்க முடியாது ஆனா டாக்டர் பிடிச்சு தூக்குனா பெரும்பாலும் போகும், ஃப்ரோசன்ல யார் தூக்குனாலும் போகாது, குறிப்பா கைய வெளிப்பக்கமா திருப்பவே முடியாது. கைய பக்கவாட்டுல தூக்கும்போது 60 டிகிரில இருந்து 120 டிகிரி வரைக்கும் மட்டும் வலிச்சா இம்பிஞ்ச்மென்ட்டா (தசைநார் எலும்புக்கு இடையில நசுங்குறது) இருக்கலாம். இதெல்லாம் நோட்ஸ் புரியுறதுக்குத்தான், இத வச்சு நாமளே டயக்னோசிஸ் முடிவு பண்ணக்கூடாது.

தோள்ல வலி இருந்தும் கோளாறு வேற இடத்துல இருக்கலாம். கழுத்து நரம்பு அழுத்தினா தோள் வலிக்கும், அது எம்54.12 பக்கம் போயிடும். பித்தப்பை பிரச்சனைல வலது தோள் வலிக்கும். மாரடைப்புல இடது தோள்ல வலி பரவும், இத படிக்கிற யாருக்காவது நெஞ்சு அழுத்தம், வேர்வையோட தோள் வலி வந்தா தைலம் தேச்சுட்டு உக்காராதீங்க, உடனே 108க்கு போன் பண்ணுங்க.

ஸ்டெப் 2: டாக்டர் உறுதியா சொல்லியிருக்காரான்னு பாருங்க

டாக்டர் தன் முடிவை எழுதுற அசெஸ்மென்ட் பகுதிக்கு போங்க. ப்ராபபிள், சஸ்பெக்டட், லைக்லி, ரூல் அவுட்னு உறுதியில்லாத எந்த வார்த்தை இருந்தாலும் அவுட்பேஷண்ட் சார்ட்ல அந்த நோய்க்கு கோட் கிடையாது, அறிகுறிக்குத்தான். இங்கதான் எம்25.51 நியாயமா உக்காரும். ஹாஸ்பிடல் இன்பேஷண்ட்ல டிஸ்சார்ஜ் சமயத்துலயும் அப்படியே இருந்தா நோய் இருக்கிற மாதிரியே போடலாம், இந்த வித்தியாசத்தை இப்பவே மனசுல ஏத்திக்கோங்க. நோய் உறுதி ஆயிட்டா அதோட வர்ற வலிக்கு தனியா கோட் போட வேண்டாம்.

ஸ்டெப் 3: சரியான கோட்

எம்75 குடும்பத்தை பாத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. எம்75.0 ஃப்ரோசன் ஷோல்டர் (சார்ட்ல அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ்னு இருக்கும்), நம்ம டாக்டர்கள் பெரியார்த்ரைட்டிஸ்னு எழுதுறதும் இதுலதான் வரும். 75.1 ரொட்டேட்டர் கஃப் கிழிசல், இதுல பாதி கிழிஞ்சதா முழுசா கிழிஞ்சதான்னு வேற பிரியும்: எம்75.111 வலது பக்கம் பாதி, எம்75.121 வலது பக்கம் முழுசு. 75.2 பைசெப்ஸ் டெண்டனைட்டிஸ் (பைசெப்ஸ் தசைநார் வீக்கம்), 75.3 கால்சியம் படியறது, 75.4 இம்பிஞ்ச்மென்ட், 75.5 பர்சைட்டிஸ் (மூட்டுக்கு பக்கத்துல இருக்கிற திரவப்பை வீக்கம்). தோள் மூட்டு தேய்மானம் மட்டும் இங்க இல்ல, அது எம்19.01ல.

பக்கம் ரொம்ப முக்கியம். கடைசி இலக்கம் 1னா வலது, 2னா இடது, 9 இல்ல 0ன்னு முடிஞ்சா பக்கம் தெரியலன்னு அர்த்தம். அத போடுறதுக்கு முன்னாடி சார்ட்டை இன்னொரு தடவ முழுசா தேடுங்க, எக்ஸ்ரே ஆர்டர்லயோ நர்ஸ் நோட்லயோ பெரும்பாலும் இருக்கும், பக்கத்துக்கு அதையும் எடுத்துக்கலாம், ஒண்ணுக்கொண்ணு முரணா இருந்தா டாக்டருக்கு க்வெரி அனுப்பணும். ரெண்டு தோளும் வலின்னா எம்25.511, எம்25.512 ரெண்டையும் போடணும், ரெண்டுக்கும் சேத்து ஒரே கோட் இதுல இல்ல.

ஸ்டெப் 4: அடிபட்டதா, நாள்பட்டதா

ஏணில இருந்து விழுந்து கஃப் கிழிஞ்சா எம்75 கிடையாது, எஸ்46.01. வலதுக்கு எஸ்46.011, அதோட ஏழாவது எழுத்து கண்டிப்பா வேணும். ஏ போடுறது முதல் விசிட்டுக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, சிகிச்சை தீவிரமா நடக்குற வரைக்கும் ஏதான், ஆபரேஷன் மூணாவது விசிட்ல நடந்தாலும் ஏ. ஆறிட்டு வர்ற கட்டத்துல டி, பின்விளைவுக்கு எஸ்.

ஸ்டெப் 5: சிகிச்சையோட சேர்த்து பாருங்க

பெரும்பாலானவங்களுக்கு வலி மாத்திரை, கைய தலைக்கு மேல தூக்குற வேலைய குறைக்கிறது, பிசியோதெரபி இதுலயே சரியாகும். சரியாகலன்னா ஸ்டீராய்டு ஊசி: சிபிடி (செஞ்ச சிகிச்சைக்கான கோட்) 20610, அல்ட்ராசவுண்ட் பாத்து போட்டா 20611, ஆனா படத்தை சேமிச்சு ரிப்போர்ட்டும் இருந்தாத்தான் 20611. கீஹோல் வழியா கஃப்பை தைச்சா 29827.

இப்ப ஒரு மாதிரி சார்ட். 54 வயசு அம்மா, வலது தோள் மூணு மாசமா வலி, சீட் பெல்ட்டை இழுக்க முடியல, எக்ஸ்ரே நார்மல். அசெஸ்மென்ட்: ரைட் ஷோல்டர் பெயின், லைக்லி அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ். லைக்லி இருக்கு, அதனால எம்25.511 மட்டும்.

அடுத்த விசிட்ல அதே டாக்டர் லைக்லிய எடுத்துட்டு அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ், ரைட்னு எழுதி, அல்ட்ராசவுண்ட் வச்சு ட்ரையாம்சினோலோன் 40 மில்லிகிராம் ஊசி போடுறார், படமும் ரிப்போர்ட்டும் சார்ட்ல இருக்கு. இப்ப எம்75.01, 20611 கூட வலது பக்கம்னு காட்டுற ஆர்டி மாடிஃபையர், மருந்துக்கு ஜே3301, அது 10 மில்லிகிராமுக்கு ஒரு யூனிட், அதனால 4 யூனிட். எம்25.511 இந்த விசிட்ல வராது.