இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கார்: நம்ம ராம்நாடு கடற்கரைச் சாலையில் ஓட்டும் முறை

தை அமாவாசை அன்று ராமேஸ்வரம் போகிற வழியில், பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் என் கார் மீட்டரில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்து என்று. அதற்கு ஐந்து நிமிடம் முன்பே பின்சீட்டில் இருந்த அம்மா, "என்னப்பா, ரப்பர் கருகுற வாடை வருது" என்றார்கள். முன்னால் போகிற பஸ்ஸாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாடை என் வண்டியில் இருந்துதான் வந்தது.

வண்டி வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், ஏழு கியர், செகண்ட் ஹேண்ட். அன்று செய்த தவறையும் அதற்குப் பிறகு மாற்றிக்கொண்ட பழக்கத்தையும் இங்கே எழுதுகிறேன். பி (பார்க்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) எதெதற்கு என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எது என்று பாருங்கள்

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியையும் நம் ஊரில் 'ஆட்டோமேட்டிக்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். மேனுவல் கியரையே கருவி மாற்றிவிடும் ஏஎம்டி வேறு, பெல்ட்டில் ஓடும் சிவிடி வேறு, எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வேறு. டிக்கியிலோ ஆர்சி புத்தகத்திலோ டிஎஸ்ஜி, டிசிடி, டிசிஏ என்று இருந்தால் அது இரட்டை கிளட்ச். அதிலும் இரண்டு ஜாதி உண்டு. கிளட்ச் தட்டு எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தால் ஈர கிளட்ச், காற்றில் சுழன்றால் உலர் கிளட்ச். 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் இருந்த ஏழு கியர் டிஎஸ்ஜி உலர் வகை. 2022-ல் வந்த டாடா ஆல்ட்ரோஸ் டிசிஏ ஈர வகை. எண்ணெய் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். உலர் வகையில் அந்த வசதி இல்லை, சூடு கிளட்சிலேயே தங்கும். என்னுடையது உலர் வகை, கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

மதுரையில் எனக்குப் பார்க்கிற மெக்கானிக் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, இது ஆட்டோமேட்டிக்கே இல்லண்ணே. ரெண்டு கிளட்ச் வச்ச மேனுவல் வண்டி. கிளட்ச் மிதிக்க உள்ள ஒரு ஆளு உக்காந்திருக்கான்னு வச்சுக்கங்க. நீங்க பிரேக்குல இருந்து காலை எடுக்கிறதுதான் அவனுக்குச் சைகை."

ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களுக்கு. இன்னொன்று 2, 4, 6, ரிவர்ஸுக்கு. மூன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கைத் தயாராக வைத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும், அதே நொடியில் மற்றது பிடிக்கும். பரமக்குடி தாண்டி நால்வழிச் சாலையில் ஏறிவிட்டால் இதைப் போல சுகமான கியர்பாக்ஸ் கிடையாது, மனதாரச் சொல்கிறேன். கஷ்டமெல்லாம் பத்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேதான்.

கிளப்புவதும் நிறுத்துவதும்

பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்து டி-க்குப் போட்டதும் உடனே ஆக்சிலரேட்டரை அமுக்காதீர்கள். ஒரு நொடி பொறுங்கள், வண்டி தானாக முன்னே இழுக்கப் பார்ப்பது தெரியும். அதன் பிறகு போங்கள். ஆர்-லிருந்து டி-க்கு மாற்றும்போது வண்டி முழுசாக நின்றிருக்க வேண்டும். உருண்டுகொண்டிருக்கும்போது மாற்றவே கூடாது.

நிறுத்தும்போது வரிசை முக்கியம். பிரேக்கை மிதித்தபடியே என், அடுத்து ஹேண்ட் பிரேக், அதன் பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்காருகிறதா என்று பாருங்கள். கடைசியாகத்தான் பி. நேராக பி போட்டுவிட்டு இறங்கினால், சரிவான இடத்தில் வண்டியின் மொத்தக் கனமும் உள்ளே இருக்கிற ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் தொங்கும். மறுபடி பி-யிலிருந்து எடுக்கும்போது 'டொக்' என்று சத்தம் கேட்டால் காரணம் அதுதான்.

ஊர்ந்து போவது: நான் மாட்டிய இடம்

இதை நிதானமாகப் படியுங்கள்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்தது, நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். கப்பல் போக வேண்டும் என்பதால் நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். சாதாரண நாளில் மூன்று நிமிடத்தில் தாண்டிவிடலாம். ஆனால் பக்கத்துப் பாலத்தில் ரயில் வருகிற நேரம், அமாவாசை, பள்ளி விடுமுறை என்றால் வெளியூர் வண்டிகள் வேடிக்கை பார்க்க மெதுவாகும், பின்னால் எல்லாம் தேங்கிவிடும். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தபிறகு, நடுப்பகுதி செங்குத்தாக மேலே தூக்குவதைப் பார்க்க நிற்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று அந்த ஏற்றத்தில் நான் என்ன செய்தேன்? முன்னால் இருந்த வேன் ஓர் அடி நகர்ந்தால் நானும் ஓர் அடி நகர்ந்தேன். பிரேக்கைப் பாதி விட்டு, பாதி பிடித்து, அங்குலம் அங்குலமாக. சில நேரம் பிரேக்கே பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டு, வண்டி பின்னால் உருளாதபடி ஏற்றத்தில் நிறுத்தி வைத்தேன். அரை மணி நேரம். மேனுவல் வண்டியில் அரை கிளட்சில் அரை மணி நேரம் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெடல் இல்லாததால் அதையேதான் இங்கேயும் செய்துகொண்டிருக்கிறேன் என்பது உறைக்கவில்லை.

டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் அப்படி நிற்கலாம், அங்கே இடையில் இருப்பது எண்ணெய். இங்கே இருப்பது தட்டும் தட்டும். பிரேக்கை முழுசாக மிதித்தால் கிளட்ச் விலகிவிடும், தேய்மானம் இல்லை. காலை முழுசாக எடுத்து வண்டி ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் தானாக ஓடினால் கிளட்ச் முழுசாகப் பிடித்திருக்கும், அப்போதும் தேய்மானம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு நொடியும் உரசல், உரசினால் சூடு.

அதனால் இப்போது நான் ஓட்டுவது இப்படி.

முன் வண்டி நகர்ந்தால் நான் நகர்வதில்லை. பிரேக்கை அழுத்தி மிதித்தபடி இருக்கிறேன். இரண்டு கார் நீளம் இடைவெளி விழுந்ததும் காலை முழுசாக எடுத்து, தேவையானால் ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஒரே மூச்சில் போய், திரும்ப முழுசாக நிறுத்துகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், இடைவெளியில் ஆட்டோ நுழையும். நுழையட்டும்.

டி-யில் விட்டால் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரிலேயே இரண்டாவது கியருக்குத் தாவும், உடனே பிரேக் பிடித்தால் ஒன்றுக்கு வரும். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று இரண்டு கிளட்சும் மாறி மாறி உழைக்கும். எனவே நெரிசலில் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி ஒன்றிலேயே வைத்துவிடுகிறேன். கீழக்கரை தெருக்களிலும் ஏர்வாடி சந்தனக்கூடு கூட்டத்திலும் இதுதான் கை கொடுத்தது.

ஏற்றத்தில் நிற்க ஆக்சிலரேட்டர் வேண்டவே வேண்டாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிற ஹில் ஹோல்டு இரண்டு, மூன்று நொடிதான் பிடிக்கும், அதை நம்பி நிற்க முடியாது. நின்ற வண்டியைக் கால் எடுத்த பிறகும் பிரேக்கிலேயே வைத்திருக்கும் ஆட்டோ ஹோல்டு பட்டன் இருந்தால் போட்டுவிடுங்கள், நான் அதை அணைப்பதே இல்லை. அது இல்லாத வண்டியில் ஹேண்ட் பிரேக்.

எச்சரிக்கை வந்தே விட்டால்? ஓரம் கட்ட இடம் இருந்தால் கட்டி, பி போட்டு, கால் மணி நேரம் பொறுங்கள். பி-யிலும் என்-னிலும் இரண்டு கிளட்சும் விலகியிருக்கும். இன்ஜினை ஓடவிடுவதா அணைப்பதா என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாலத்தின் மேல் இடம் கிடையாதே என்றால், நின்று நின்று ஊர்வதைவிட இடைவெளி விழுகிற வரை நின்றுவிட்டு ஒரே ஓட்டமாகப் போவது மேல். அன்று நான் அப்படித்தான் தங்கச்சிமடம் வரை போய்ச் சேர்ந்தேன். வேப்பமரத்தடியில் நிறுத்திய இருபது நிமிடத்தில் எச்சரிக்கை போய்விட்டது. வாடை மட்டும் இரண்டு நாள் இருந்தது.

அரிச்சல்முனை மணல்

2017-ல் தனுஷ்கோடியிலிருந்து முனை வரை தார்ச்சாலை திறந்தபிறகு கார் நேராகப் போகிறது. ஆனால் காற்று அடிக்கிற மாதங்களில் ரோட்டின் மேலேயே மணல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். திருப்பும்போது ஒரு சக்கரம் தாரை விட்டு இறங்கினால் போதும், புதைந்துவிடும்.

புதைந்தால் டி, ஆர், டி, ஆர் என்று முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். மேனுவலில் எல்லாரும் செய்வது இதுதான். இதில் முன்னே போவது ஒரு கிளட்ச், பின்னே வருவது இன்னொன்று, இரண்டையும் சேர்த்து எரிப்பீர்கள். இறங்கி சக்கரத்தின் முன்னால் இருக்கிற மணலைக் கையால் தோண்டுங்கள். கால் மிதியடியையோ காய்ந்த பனை ஓலையையோ சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் பாதி வேலை முடிந்தது, தாரில் ஏறியதும் மெதுவாக ஓட்டிப் போய் திரும்ப நிரப்பிக்கொள்ளுங்கள். நான்கு பேரைத் தள்ளச் சொல்லி, மென்மையாக ஒரே முறை ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஓலைக்கு முனையில் பஞ்சமில்லை, கடை போட்டிருக்கிறவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தால் தார் வரைக்கும்தான். அங்கிருந்து மதுரைக்கு என்றால் நான்கு சக்கரமும் தரையில் படாத பிளாட்பெட் லாரிதான். முன் சக்கரம் சுழல இழுத்துப் போனால் கியர்பாக்ஸ் உள்ளே சேதமாகலாம்.

உப்புக் காற்றும் பேட்டரியும்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தது. ஒரு நாள் காலையில் மண்டபத்தில் வண்டியை எடுத்தால் கியர்பாக்ஸ் எச்சரிக்கை. முதல் நாள் நன்றாக ஓடிய வண்டி. பானெட்டைத் திறந்தால் பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூ பூத்திருந்தது. இந்த கியர்பாக்ஸில் கிளட்சை இயக்குவது கம்ப்யூட்டர், மின்னழுத்தம் குறைந்தால் அதற்குத் தலை சுற்றும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்து, முனையை இறுக்கி மேலே வாசலின் தடவினேன். எச்சரிக்கை திரும்ப வரவில்லை.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறேன், பாடியில் எர்த் ஒயர் சேர்கிற இடத்தையும் சேர்த்து. மல்டிமீட்டரில் இன்ஜின் அணைத்த நிலையில் 12.6 வோல்ட், ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பெரிய வேலைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் மதுரை போக வேண்டிய நமக்கு இந்தச் சின்ன வேலை அவசியம்.

கருவி

ஒரு புளூடூத் ஓபிடி கருவி வாங்கிவிடுங்கள், காரில் செருகினால் வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும். முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற நகல் ஈஎல்எம் கருவிகளை வாங்க வேண்டாம். எனக்கு முதலில் வந்தது கியர்பாக்ஸோடு பேசவே இல்லை. கொஞ்சம் கூடப் போட்டு வீகேட் கம்பெனிக் கருவி வாங்கினேன், போனில் கார் ஸ்கேனர் ஆப். கிளட்ச் வெப்பம் தெரிகிற வண்டியாக இருந்தால் ஒரு நெரிசலில் அதைத் திறந்து வைத்துப் பாருங்கள். பாதி பிரேக்கில் ஊர்ந்தால் எண் ஏறிக்கொண்டே போகும். முழுசாக நின்றால் ஏறுவது நிற்கும். நான் பத்து பத்தியில் எழுதியதை அது ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். ஆனால் கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கும் கிளட்ச் அடாப்டேஷன் பட்டனை ஆப்பில் பார்த்ததும் அமுக்கிவிடாதீர்கள், அது தெரிந்தவர் செய்கிற வேலை.

சேர்க்கை: நீங்கள் கேட்டவை

ஈர கிளட்ச் வண்டிக்கும் இதெல்லாம் வேண்டுமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பழக்கம் அதேதான், பொறுத்துக்கொள்ளும் அளவு கூடுதல். பதிலுக்கு அந்த எண்ணெயைக் கம்பெனி சொன்ன கெடுவில் மாற்றியே ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்களுக்கு: குளிர்ந்த வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடான பிறகு, சமதரையில் பிரேக்கை மட்டும் விட்டு ஊரவிடுங்கள். வெடவெடவென்று நடுங்கினால் கிளட்சைச் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

தொண்டியிலிருந்து ஓர் அக்கா கேட்டதுதான் நான் யோசிக்காதது. நெரிசலே இல்லாத ஊர், ஆனால் தினமும் காலையில் வாடை வருகிறது என்றார்கள். போட்டோ அனுப்பச் சொன்னேன். மழைத் தண்ணீர் ஏறக்கூடாது என்று வீட்டை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், போர்டிகோவுக்கு ஏறும் சரிவு செங்குத்து. அதில் ரிவர்ஸில், சுவரில் இடிக்கக்கூடாது என்று அங்குலமாக ஏற்றுகிறார்கள். அது பாம்பன் பாலத்தைவிட மோசம்.

முன்பக்கமாகவே ஒரே ஓட்டத்தில் ஏற்றுங்கள், ரிவர்ஸில் இறங்கும்போது பிரேக் மட்டும் போதும் என்று எழுதினேன். வாடை பாதி குறைந்தது என்றார்கள். போன வாரம் கொத்தனாரை வைத்துச் சரிவை நான்கு அடி நீட்டிவிட்டார்களாம். இப்போது வாடை இல்லை, முன்பு காலையில் வந்துகொண்டிருந்த நடுக்கமும் இல்லை என்று நேற்று எழுதியிருக்கிறார்கள்.