தீம் பார்க்குக்கு அம்மாவை அழைத்துப் போகிறீர்களா? மொபிலிட்டி ஸ்கூட்டரை முந்தின நாளே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்ததும் தீம் பார்க்குக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறோம். நாள் முழுக்க எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பது உள்ளே போன பிறகுதான் உறைக்கும். "மெதுவா நடந்து வந்துடுவேன்" என்று அம்மா சொன்னதை நம்பி முதல் தடவை போனோம். மதியத்துக்குள் முழங்கால் வீங்கி, மிச்ச நேரமெல்லாம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் நன்றாக நடமாடுகிறவர்களும் மொபிலிட்டி ஸ்கூட்டர், அதாவது நடக்கச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்தபடியே ஓட்டும் சின்ன பேட்டரி வண்டி, எடுக்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பல பார்க்குகளில் வாசலிலேயே வாடகைக்குத் தருகிறார்கள். ஆனால் பெரும்பாலும் முதலில் வருபவருக்குத்தான். விடுமுறை நாளில் சீக்கிரமே தீர்ந்துவிடும். வெளியே கொண்டுபோகவும் விடமாட்டார்கள். மூன்று நான்கு நாள் தங்குவதென்றால் ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் வாடகைக் கடைதான் மேல். பதிவு செய்யும்போது, வண்டி நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரத்தில் மாற்று வண்டி வரும் என்று கேளுங்கள். இதற்கு நேரான பதில் வராத இடத்தில் நான் எடுக்கவே மாட்டேன். ஓட்டுபவரின் எடையைக் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எடை வரம்பு உண்டு. காரில் ஏற்ற வேண்டுமென்றால் பகுதி பகுதியாகக் கழற்றும் வண்டியாகக் கேளுங்கள். மூன்று சக்கர வண்டி குறுகலான இடத்தில் எளிதாகத் திரும்பும், நான்கு சக்கரம் உறுதியாக நிற்கும். வயதானவர்களுக்கு நான்கையே எடுங்கள்.

ஒரு சார்ஜுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஏற்றம், எடை, பேட்டரியின் வயது எல்லாம் அதைக் குறைக்கும். லெட் ஆசிட் பேட்டரி முழுதாக ஏற 8 மணி நேரம்கூட ஆகலாம். அதனால் ராத்திரி அறைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சார்ஜரைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சில ஹோட்டல்களில் சாவி அட்டையை உருவினால் பிளக்கிலும் கரண்ட் போய்விடும்.

அப்புறம், பழக்குவது. வண்டி வந்த அன்றே பார்க்கிங்கில் அரை மணி நேரம் ஓட்டவிடுங்கள். கைப்பிடியில் இருக்கும் லீவரை அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும். பதற்றத்தில் கை தானாக இறுகும், அங்கேதான் ஆபத்து. ஒரு குப்பைத் தொட்டியை நெருங்கும்போது அம்மா "ஐயோ, நிக்க மாட்டேங்குதே" என்று சொல்லிக்கொண்டே லீவரை இன்னும் அழுத்தினார். "கையை எடும்மா, கையை எடு" என்று பக்கத்திலேயே நடந்து பத்துத் தடவை பழக்கிய பிறகுதான் கைக்கு வந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, மெதுவான வேகத்தைக் காட்டும் ஆமைப் படத்தின் பக்கமே வைத்திருங்கள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், சக்கரத்தில் சிக்கும்.

சக்கரத்திலிருந்து மோட்டாரை விடுவிக்கும் இன்னொரு லீவர் எங்கே இருக்கிறது என்றும் கேட்டுவையுங்கள். அதைத் தளர்த்தினால் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் அப்போது பிரேக் பிடிக்காது. சரிவில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

ரைடுக்குப் போகும்போது சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் ஒரே மாதிரி இருபது வண்டிகள் நிற்கும். கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால் அம்மாவே தன் வண்டியைக் கண்டுபிடித்துவிடுவார்.